பியாஸ்தர் மோதிரத்தை அகட்டப் போனது

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி பஸ் கிளம்பியது. டிக்கெட் நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் அதை மேலே தூக்கி வைக்கப் பார்த்தார், கை தாழ்ந்துவிட்டது.

“என்னம்மா உள்ள, கல்லா?”

“கல்லும் இருக்குங்க, இரும்பும் இருக்குங்க. மடியிலயே இருக்கட்டும்.”

பொய்யில்லை. உரைகல், மோதிரம் தட்டும் கூம்பு இரும்பு, அதே வடிவத்தில் புளிய மரக் கட்டை, விரல் அளவு பார்க்கும் வளையக் கொத்து, கேஸ் டார்ச்சின் மூக்கு, சாமணம் என்கிற சின்ன இடுக்கி, பற்றவைக்கத் தேவையான வெங்காரப் பொடி, ஒரு சின்னத் தராசு. எல்லாம் ஒரு பழைய நூல் சேலையில் சுற்றியிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். நானும் கூலிக்கு வரும் இரண்டு பெண்களும் நாள் முழுக்கக் கொலுசில் சலங்கை பற்றவைப்போம். புதுச்சேரிக்கு அதுவரை நான் போனதில்லை. வேலைக்காக வெளியூருக்குத் தனியாகப் போவதும் அதுதான் முதல் தடவை.

அழைத்தவர் பெயர் மார்த்தா. ஐம்பத்தேழு வயது. பஞ்சாலை மூடும்வரை அதில் நூல் சுற்றியவர், இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் பார்க்கிறார். அங்கே தங்கிய எங்கள் ஊர்க்காரம்மா ஒருவர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். மார்த்தா போனில் விஷயத்தை நேராகச் சொன்னார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். இந்தோசீனச் சண்டைக்குப் போன இடத்தில், பியாஸ்தர் என்ற அந்த நாட்டு வெள்ளிக் காசு ஒன்றைத் தட்டி மோதிரம் செய்து கொண்டுவந்தார். அம்மா அதைச் சாகும்வரை போட்டிருந்தார். மார்த்தாவின் முதல் கணவர் இறந்து பதினான்கு வருடம். இப்போது திங்கட்கிழமை மறுகல்யாணம். அந்த மோதிரத்தை மாப்பிள்ளை விரலில் போட வேண்டும். ஆனால் அது பெண் விரல் அளவு, மாப்பிள்ளை படகு மோட்டார் பழுது பார்ப்பவர், தடித்த விரல்.

“மூணு கடையில காட்டிட்டேன். அறுத்து நடுவுல துண்டு வெச்சுப் பத்தவைக்கலாம், இல்லன்னா உருக்கிப் புதுசா போடலாம்னு சொல்றாங்க. அறுத்தா உள்ள இருக்கிற எழுத்து போயிடும். உருக்கினா மோதிரமே போயிடும். நீங்க வந்து பாருங்க. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.”

நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். போன வருடம் ஒரு அம்மா தன் பிள்ளைக்கு என்று பழைய வெள்ளிக் காப்பு ஒன்றைப் பெரிதாக்கக் கொடுத்தார். என் கையிலேயே அது இரண்டாக விண்டுபோனது. அவர் திட்டவில்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பழைய வெள்ளியை நான் தொடவில்லை. மார்த்தா மூன்று நாளில் நான்கு முறை பேசினார். நான்காவது முறை, “சும்மா ஊரப் பாத்துட்டுப் போங்க, மீன் கொழம்பு வெக்கிறேன்” என்றார். அதற்கு மேல் மறுக்கத் தெரியவில்லை.

பதினொன்றரைக்குப் புதுச்சேரி. பேருந்து நிலையத்திலிருந்து கருவடிக்குப்பத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் எங்கே போகணும் என்றதும் தெருப் பெயரைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. மார்த்தா வீடு என்றேன்.

“சொல்தா வீடா? முன்னாடியே சொல்லக் கூடாதா” என்று வண்டியைத் திருப்பினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். சொல்தா இறந்து இருபது வருடம் ஆகியும் வீட்டுக்கு அதுதான் முகவரி.

மார்த்தா உயரமான பெண்மணி, முடி பாதி நரைத்திருந்தது. சமையல் வேலையிலிருந்து நேரே வந்த ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நாற்காலியில் அவருடைய அண்ணன் ரெமி உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று வயது, பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. எனக்கு வணக்கம் சொன்னார். ஆனால் அவர் கண் என் பையின் மேலேயே இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்பே மோதிரத்தைக் காட்டச் சொன்னேன். மார்த்தா அதை ஒரு தீப்பெட்டியிலிருந்து எடுத்தார்.

கையில் வாங்கியதும் எடைதான் முதலில் தெரிந்தது. கெட்டியான, அகலமான பட்டை. வெளிப்பக்கம் ஆயிரம் சின்னத் தட்டல்களின் தடம், தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. உள்பக்கம் இரு விளிம்பிலும் வட்டமாக எழுத்துகள். காசைப் படுக்க வைத்து அடித்தால் எழுத்து நசுங்கியிருக்கும். மார்த்தாவின் அப்பா காசை நிற்க வைத்து, உருட்டி உருட்டி, விளிம்பை மட்டும் மெல்லத் தட்டியிருக்கிறார். விளிம்பு அகலமாகி இரண்டு பக்கமும் மடங்கும்போது, காசின் முகத்தில் இருந்த எழுத்து அப்படியே உள்ளே திரும்பிவிடுகிறது. பிறகு நடுவில் ஓட்டை போட்டு அரம் போட்டிருக்கிறார். பொறுமையைத் தவிர வேறு கருவி பெரிதாக இருந்திருக்காது.

“ஸ்பூனுங்க” என்றார் மார்த்தா. “சாப்பிடுற ஸ்பூனோட முதுகால. மதியத்துல வேலை இல்லாதப்பல்லாம் முகாம்ல ஒக்காந்து தட்டுவாராம். திரும்பி வந்தப்ப ஒரு காது கேக்காது, பையில இது இருந்துது. சண்டையில என்னா பண்ணீங்கன்னு நாங்க கேட்டா, ‘நான் அடிச்சது இத மட்டுந்தான்’னு சிரிப்பாரு.”

ரெமி சிரிக்கவில்லை. “அப்பா அது அம்மா விரலுக்கு அடிச்சது. அளவ மாத்த நாம யாரு?”

“அம்மா போயி ஆறு வருசமா தீப்பெட்டில கெடக்குதே, அதுக்கா அடிச்சாரு?”

“நெருப்புல காட்டி ஒடைஞ்சுட்டா?”

மார்த்தா என்னைப் பார்த்தார். உரைகல்லில் விளிம்பைத் தேய்த்துப் பார்த்தேன். கலப்பு இருக்கிறது, ஆனால் நல்ல வெள்ளி. வளையக் கொத்தில் அளவு பதினைந்து. “ஒடையலாமுங்க” என்றேன். “ஒடையாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பட்டை கெட்டியா இருக்குதுங்க. மெதுவாப் போனா வழி இருக்குது.”

ரெமி எழுந்தார். சின்ன வயதில் அந்த மோதிரத்தின் உள்ளே பார்த்துத்தான் அப்பா தனக்குப் பிரெஞ்சு எழுத்துக் கற்றுக்கொடுத்தார் என்று சொன்னார். மொத்தம் முப்பத்தேழு எழுத்து. “நாளைக்கு நானும் வருவேன். ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன். ஒரு எழுத்து கொறஞ்சாலும் அதோட நிறுத்திட்டு மோதிரத்த எங்கிட்டக் குடுத்துடணும். கல்யாணம் மோதிரம் இல்லாம நடக்கட்டும். மார்த்தா, ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேன்” என்றார் மார்த்தா, யோசிக்காமல்.

மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூவரும் வீராம்பட்டினத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் பட்டறைக்குப் போனோம். நகரத்தைக் குறுக்கே கடந்து, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, பத்து கிலோமீட்டர். ஆட்டோ இருநூற்றைம்பது. வழியெல்லாம் ரொட்டிக் கடைகளில் கூட்டம், மாதா கோயில் மணி, சைக்கிளில் நீள ரொட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போகும் ஆட்கள். அம்மன் கோயிலைத் தாண்டியதும் கடல் வாசனை வந்தது. மணலில் படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன. பட்டறை அங்கேதான், தகரக் கூரை, பாதி இறக்கிய ஷட்டர்.

மாப்பிள்ளை சேகர் வாசலில் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு நின்றார். அறுபது வயது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஏழு வருடம் முன்பு விடுதியில் ஜெனரேட்டர் பார்க்கப் போய், சமையலறையில் ஒரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ஜெனரேட்டர் மாதம் ஒரு முறை கெட்டுப்போனதாக மார்த்தா சொன்னார். சேகரின் கையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அளவு எடுத்தேன். இருபத்தாறு.

“பதினஞ்சுலேர்ந்து இருவத்தாறா?” என்றார் மார்த்தா.

“சாதாரணமா ரெண்டு அளவு, மூணு அளவுதான் அகட்டுவோமுங்க.”

சேகர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லேத் இருக்கு. வேணும்னா விரலக் கொஞ்சம் சீவிக்கட்டுமா?”

ரெமி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

சிக்கல் இதுதான். கூம்பு இரும்பில் மாட்டித் தட்டினால் மோதிரம் அகலும், ஆனால் உள்ளிருக்கும் எழுத்து இரும்பில் நசுங்கி அழியும். அதற்காகத்தான் புளியங்கட்டை கொண்டுவந்திருந்தேன். முதலில் ஒரு பழைய வெள்ளி வளையத்தை மாட்டிச் சோதித்துப் பார்த்தேன். ஐந்தாவது தட்டில் கட்டை நெடுக வெடித்தது. வேறு கட்டை இல்லை. மணி ஒன்பதரை. ரெமி ஒரு மீன் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். கட்டையைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

வெடித்த கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த சேகர் கேட்டார். “இரும்பும் ஆவாது, மரமும் ஆவாது. இரும்பு மாதிரி உறுதியா இருக்கணும், எழுத்த நசுக்கக் கூடாது. அதானே?”

“அதானுங்க.”

அவர் மூலையிலிருந்து வெள்ளை உருளை ஒன்றை இழுத்துவந்தார். நைலான். படகுச் சுழல் தண்டுக்கு புஷ் என்கிற உறை வளையம் கடைவதற்காக வைத்திருக்கிறார். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. வெள்ளி வளையத்தின் விளிம்பால் அழுத்திப் பார்த்தேன், லேசாகப் பதிந்து கொடுத்தது. எழுத்துக்கு வழி விடும், வளையத்துக்கு விடாது.

“அப்புறம் இன்னொண்ணு” என்றார் அவர். “எதுக்கு அடிக்கணும்? பேரிங் எறக்குற பிரஸ் இருக்கு. ஒரே சீரா அமுக்கலாம்.”

இருபத்தாறு வருடமாகச் சுத்தியல் பிடிக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நான் அளவு சொல்லச் சொல்ல அவர் லேத்தில் நைலானைக் கூம்பாகக் கடைந்தார். வெள்ளைச் சுருள் காலடியில் குவிந்தது. தன் கல்யாண மோதிரத்துக்கான அச்சைத் தானே கடையும் மாப்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மார்த்தா சுவரில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குத் தொடங்கினோம். ஷட்டரை முழுக்க இறக்கச் சொன்னேன். வெள்ளியைக் காய்ச்சி இளக்கினால்தான் பிளக்காமல் அகலும், அப்போது அதன் நிறம் தெரிய இருட்டு வேண்டும். மங்கலான ரோஜா நிறம் வந்ததும் தீயை எடுக்க வேண்டும், கொஞ்சம் தவறினால் உருகிவிடும். என் டார்ச்சைச் சேகரின் சிலிண்டரில் மாட்டிச் சுடரை மோதிரத்தைச் சுற்றி ஓட்டினேன். ரோஜா வந்தது. தண்ணீரில் போட்டேன், சீறியது. படிகாரத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்துத் துடைத்தேன்.

மோதிரம் பால் வெள்ளையாக இருந்தது. ரெமி கையை நீட்டினார். அப்பாவுடைய மடக்குப் பூதக்கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி, வெளிச்சத்தில் நின்று எண்ணத் தொடங்கினார்.

“இ… என்… தே… ஓ… சே… ஆஷ்…”

பிரெஞ்சில் எழுத்துகளை அப்படித்தான் சொல்வார்களாம். பாதியில் நின்றுவிட்டார்.

“மார்த்தா, இங்க வா. இது எப்பவும் இருந்துதா?”

ஒரு விளிம்பின் கீழ்ப்பாதி எப்போதும் கறுப்பாகவே இருந்திருக்கிறது. வருடக்கணக்கான சோப்பும் மாவும் அழுக்கும். அது காய்ச்சியதில் போய்விட்டது. அடியிலிருந்து புது எழுத்துகள் வந்திருந்தன. பன்னிரண்டு எழுத்து, ஆறு எண். ரெமி மெல்லப் படித்தார். “தித்ர், அப்படின்னா மாத்து. சைபர் புள்ளி ஒம்போது சைபர் சைபர். புவா, எடை. இருவத்தேழு கிராம்.”

அந்தக் காசு, தான் என்ன வெள்ளி, என்ன எடை என்பதைத் தன் மேலேயே எழுதி வைத்திருந்தது. ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. உரைகல் சொன்னதும் அதுதான். தராசில் வைத்தேன். பத்தொன்பது கிராம் இருநூறு மில்லி.

“மிச்சம் எட்டுக் கிராம் எங்க போச்சு?” என்றார் சேகர்.

“நடுவுல ஓட்டை போட்டதுல கொஞ்சம். மீதி அம்மா துணி தொவைச்சதுல, மாவு அரைச்சதுல போயிருக்கும்” என்றேன். மார்த்தா முகத்தை ஷட்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எண்ணிக்கை கொறையல” என்றார் ரெமி. “கூடியிருக்கு. நாப்பத்தொம்போது. செய்ங்க.”

நைலான் கூம்பில் மோதிரத்தை மாட்டி பிரஸ்ஸில் நிறுத்தினோம். சேகர் கைப்பிடியை மெல்ல அழுத்தினார், நான் விரல் வைத்து நகர்வதைப் பார்த்தேன். ஒரு முடியளவு, இன்னொரு முடியளவு. இறுகியதும் நிறுத்தி, கழற்றி, திருப்பி மாட்டி மறுபக்கம். அளவு பதினேழரை. மறுபடி ஷட்டர், நெருப்பு, தண்ணீர், படிகாரம். ரெமி எண்ணினார். நாற்பத்தொன்பது. இரண்டாவது சுற்றில் இருபது. எழுத்தெல்லாம் நலமாக இருந்தது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் இடம் விட்டு நின்றது.

மூன்றாவது சுற்றில் எண்ணிக்கொண்டிருந்த ரெமி, “இங்க என்னமோ கோடு” என்றார்.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வெளிப்பக்கத்தில், உள்ளே க்யு, அதாவது Q, எழுத்து இருக்கும் இடத்துக்கு நேராக, முடி போல ஒரு கோடு. விரிசல் என்றால் வேலை அதோடு முடிந்தது. அந்தக் காப்பு விண்ட சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

ஊசியால் கோட்டின் ஓரத்தைத் தடவினேன். ஆழமாகப் போகவில்லை, சாய்வாகப் போனது. விரிசல் இல்லை. அவர்களுடைய அப்பா ஸ்பூனால் தட்டியபோது ஒரு இடத்தில் வெள்ளி மடங்கித் தன் மேலேயே படிந்திருக்கிறது. இத்தனை காலம் அழுத்தமாக மூடிக் கிடந்தது, அகட்டியதும் வாய் திறக்கப் பார்க்கிறது. அப்படியே விட்டால் அடுத்த சுற்றில் பிளக்கும். பற்றவைத்தால் பிழைக்கும். ஆனால் பற்றவைக்கும் வெள்ளி உருகி உள்ளே ஓடினால் க்யு அடைந்துபோகும்.

சொன்னேன், மூவருக்கும் புரியும்படி. “இங்க நிறுத்தினா மோதிரம் பத்திரமா இருக்கும். ஆனா அளவு இருவத்திரெண்டுதான். மேல போகணும்னா பத்தவைக்கணும். அது என் தொழிலுங்க. ஒரு நாளைக்கு முந்நூறு சலங்கை பத்தவைக்கிறேன். முடிவு நீங்க சொல்லுங்க.”

மார்த்தா அண்ணனைப் பார்த்தார். அவர் பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கி மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

“அப்பா செஞ்ச தப்புதானே அது?” என்றார் கடைசியில்.

“தப்புன்னு இல்லீங்க. ஸ்பூனால அடிச்சா எல்லாருக்கும் ஒரு இடத்துல இப்படி மடியும்.”

“சரி பண்ணுங்க.”

உருகும் வெள்ளி போகக்கூடாத இடத்தில் காவி தடவுவது எங்கள் வழக்கம். காவியின் மேல் அது ஓடாது. கோலத்துக்குப் போடும் காவிதான். மார்த்தா ஓடிப்போய்த் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிவந்தார். குழைத்து, குச்சி முனையால் உள்ளிருந்த எழுத்து ஒவ்வொன்றிலும் நிரப்பினேன். வெளியே கோட்டில் வெங்காரம் வைத்து, கடுகில் பாதி அளவு பற்று வெள்ளி வைத்தேன். சுடரைக் காட்டினேன். முதலில் வெங்காரம் பொங்கியது, பிறகு கண்ணாடியாகப் படிந்தது. அப்புறம் ஒரு நொடி, கோட்டின் நெடுக வெள்ளி மின்னலாக ஓடி மறைந்தது. தீயை எடுத்துவிட்டேன்.

கழுவியதும் கோடு இல்லை. ரெமி நேராக அந்த எழுத்துக்கே போனார். வாலோடு அப்படியே இருந்தது. “க்யு!” என்று கத்தினார். வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மதியம் இரண்டரைக்கு, ஐந்தாவது சுற்றில், இருபத்தாறைத் தொட்டோம். நான் கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏதோ தோன்றி, சேகர் விரலை மறுபடி அளந்தேன். இருபத்தாறாம் வளையம் முட்டியைத் தாண்டவில்லை. காலையில் வாளித் தண்ணீரில் நனைத்த குளிர்ந்த விரலை அளந்திருக்கிறேன். இப்போது வெயிலிலும் வேலையிலும் விரல் பருத்திருந்தது. இருபத்தேழு வேண்டும். தவறு என்னுடையது, சொல்லிவிட்டேன்.

“பட்டை இப்ப மெலிசா இருக்குதுங்க. இதுக்கு மேல எனக்கே பயமா இருக்குது.”

சேகர், “போதும், சுண்டு விரல்ல போட்டுக்கிறேன்” என்றார். மார்த்தாவும் தலையாட்டினார்.

ஐஸ் பெட்டியிலிருந்து ரெமி எழுந்தார். “சுண்டு விரல்ல போடறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? அம்மா மோதிர விரல்லதான் போட்டிருந்தாங்க. இன்னும் ஒரு தடவ. நான்தான் எண்ணிக்கிட்டே இருக்கேனே.”

அவர் சொன்னதை மார்த்தா நம்பாமல் பார்த்தார். நான் டார்ச்சைப் பற்றவைத்தேன். ரோஜா நிறம் வந்ததும் தீயை எடுத்தேன். பிரஸ்ஸின் கைப்பிடியில் சேகர் கையோடு ரெமியும் கை வைத்தார். முடியளவு, இன்னும் முடியளவு. இருபத்தேழு. நாற்பத்தொன்பது எழுத்து, ஆறு எண்.

விரலில் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு மார்த்தா விடவில்லை. “நாளைக்கு முன்னாடி கூடாது” என்று தீப்பெட்டியில் போட்டு மூடினார்.

திங்கள் காலை பதினொரு மணிக்குச் சார்பதிவாளர் அலுவலகம். மூன்று சாட்சி வேண்டும். ரெமி, பட்டறைக்குப் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், மூன்றாவது ஆள் வரவில்லை. “நீங்க போடுங்கக்கா” என்று மார்த்தா என்னைத் தள்ளினார். ஆதார் அட்டை கைப்பையில் இருந்தது. சேலத்துக் கொலுசுக்காரி புதுச்சேரிக் கல்யாணத்துக்குச் சாட்சி. ரெமி தன் பேனாவால், வளைவு வளைவாக, பிரெஞ்சுக்காரர் மாதிரி கையெழுத்துப் போட்டார்.

மாலை மாற்றினார்கள். சேகர் ஒரு மெல்லிய தங்க மோதிரத்தை மார்த்தாவுக்குப் போட்டார். பிறகு மார்த்தா தீப்பெட்டியைத் திறந்தார். அலுவலர், “சீக்கிரம், அடுத்த டோக்கன் நிக்குது” என்றார்.

மோதிரம் முட்டி வரை போய் நின்றது. மார்த்தா என்னைப் பார்த்தார். அவர் லேசாகத் திருப்பினார், நான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்தபடி. மோதிரம் முட்டியைத் தாண்டி, அடியில் போய் அமர்ந்தது.

“ஏறிடுச்சு!” என்று ரெமி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். டோக்கனோடு நின்றவர்கள் விஷயம் தெரியாமலே கைதட்டினார்கள். அலுவலரும் முத்திரையை வைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார். சேகர் கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். மாலைப் பூ உதிர உதிர மார்த்தா சிரித்துக்கொண்டே அழுதார். ரெமி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. மோதிரத்தைத் தடவிப் பார்க்கிறாரா, கை குலுக்குகிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பத்துக்கு விழுப்புரம் வழியாகச் சேலம் பஸ். ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். கடைந்த நைலான் கூம்பைச் சேகர் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். ஊர் போய்ச் சேர்ந்த வாரமே, பழைய வெள்ளியும் காசு மோதிரமும் அறுக்காமல் பெரிதாக்கித் தரப்படும் என்று ஒரு அட்டை எழுதிப் பட்டறை வாசலில் கட்டிவிட்டேன். இதுவரை ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். ஒன்றும் உடையவில்லை.

அன்று பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கள் ஊரில் கொலுசு கிலோக் கணக்கில் பெட்டி கட்டி வடக்கே போகும். இருபத்தாறு வருடத்தில் எத்தனை லட்சம் சலங்கை பற்றவைத்திருப்பேனோ தெரியாது. அதில் ஒன்றைக்கூட யாரும் காலில் போட்டு நடந்து நான் பார்த்ததில்லை. புதுச்சேரியில்தான் முதல் முறையாக, என் கைவேலை ஒரு மனிதரின் உடம்பில் போய்ச் சேர்வதை நேருக்கு நேர் நின்று பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஏன் தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். ஆத்தூர் வரும்வரை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.